நீளத்தைத் தொலைத்த அணி

கோப்பிலிருந்து தரவைப் படிக்க விரும்பும் நிரல் அந்த வேலையைத் தானே செய்வதில்லை. இயக்க அமைப்பிடம் கேட்டுப் பெறுகிறது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் இதற்கான செயற்கூறு 'ரீட்'. அதற்கு மூன்று விவரங்கள் தரப்படுகின்றன: எந்தக் கோப்பு, தரவை எந்த நினைவக முகவரியில் எழுதுவது, அதிகபட்சம் எத்தனை பைட்டுகள். இரண்டாவதாகத் தரப்படும் முகவரியே சுட்டு, அதாவது பாயிண்டர். நிரலரின் கையில் இருப்பது ஓர் அணி. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. செயற்கூற்றைச் சென்றடைவதோ தொடக்கம் மட்டுமே. நீளத்தை நிரலர் தனியே ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். முகவரி அந்த நிரலுக்குரிய நினைவகத்தில் இருக்கிறதா என்று இயக்க அமைப்பு பார்க்கும். அணி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது.

இந்த வழக்கத்தின் வேர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் வடிவமைத்த பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, கென் தாம்சன் அங்கே 'பி' மொழியை உருவாக்கினார். பி மொழியில் தரவு வகைகளே கிடையாது. எல்லாம் ஒரே அளவுள்ள நினைவகக் கலங்கள். பத்து உறுப்புள்ள அணியை அறிவித்தால் பத்துக் கலங்கள் ஒதுக்கப்படும். கூடவே இன்னொரு கலமும் ஒதுக்கப்பட்டு, முதல் உறுப்பின் முகவரி அதில் எழுதப்படும். அணியின் பெயர் என்பது உண்மையில் இந்தக் கூடுதல் கலத்தின் பெயரே.

டெனிஸ் ரிட்சி 1971 முதல் 1973 வரை இதைச் 'சி' மொழியாக வளர்த்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அன்றைய யுனிக்ஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு: கோப்பின் எண்ணுக்கு 2, பெயருக்கு 14. வட்டில் உள்ள இந்த அமைப்பை நிரலிலும் அப்படியே விவரிக்க வேண்டும் என்று ரிட்சி விரும்பினார். பெயர் என்பது 14 எழுத்துகள் கொண்ட அணி. அதன் முகவரியைத் தாங்கும் கூடுதல் கலத்தை இந்த 16 பைட்டுக்குள் எங்கே வைப்பது? அவர் கண்ட விடை எளிமையானது: அந்தக் கலமே வேண்டாம். அணியின் பெயர் ஒரு கோவையில் வரும்போது, முதல் உறுப்பின் முகவரியை நிரல்பெயர்ப்பி அப்போதே உருவாக்கித் தந்துவிடும். வகையற்ற பிசிபிஎல்லிலிருந்து வகையுள்ள சி மொழிக்கு நடந்த தாவலில் இதுவே முக்கியமான படி என்று ரிட்சி 1993இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் குறிப்பிட்டார். செயற்கூற்றுக்கு அணியை அனுப்பினாலும் இதே விதிதான்: முகவரி போகும், நீளம் போகாது.

இதைக் கவனக்குறைவு என்று இன்று சொல்வது எளிது. ஆனால் அது நியாயமல்ல. அந்தக் குழுவின் முதல் பிடிபி-11 கணினியில் இருந்த நினைவகம் 24 கிலோபைட்டு மட்டுமே. மறுபுறம், நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி அணியின் நீளத்தை அதன் வகையோடு பிணைத்தது. அதனால் 10 உறுப்புள்ள அணியும் 20 உறுப்புள்ள அணியும் வேறு வேறு வகைகளாயின. இரண்டையும் வரிசைப்படுத்த ஒரே செயற்கூறு போதாது. 1981இல் பிரையன் கெர்னிகன் பாஸ்கல் மீது வைத்த முதன்மையான குறை இதுவே.

சி மொழியின் வழிக்கான விலை 1988 நவம்பர் 2 அன்று எல்லோருக்கும் தெரியவந்தது. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் இணையத்தில் விட்ட புழு நிரல், 'ஃபிங்கர்' சேவை நிரலில் இருந்த 512 பைட்டு அணியைக் குறிவைத்தது. அந்தச் சேவை, வரும் தரவை 'கெட்ஸ்' என்னும் செயற்கூறு வழியாக வாங்கியது. கெட்ஸுக்கு முகவரி மட்டும் கொடுத்தால் போதும். நீளத்தைக் கேட்கவே கேட்காது. புழு 536 பைட்டு அனுப்பியது. மிஞ்சிய பைட்டுகள், செயற்கூறு முடிந்து திரும்ப வேண்டிய முகவரியை மாற்றி எழுதின. சுமார் 6000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அப்போதைய மதிப்பீடு. இருந்தும், சி மொழியின் தரநிலையிலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டது 2011இல்தான்.

இயங்குநேரத்தில் வளரக்கூடிய அணிகள் மொழிகளுக்குள் வந்தபோது சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 1998இல் வெளிவந்த டெல்ஃபி 4இன் இயங்குநிலை அணி தன் நீளத்தைத் தரவுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்கிறது. அணியின் மாறியில் இருப்பதோ ஒரு முகவரிதான். எனவே விண்டோஸின் கோப்பு படிக்கும் செயற்கூற்றுக்கு, முதல் உறுப்பைக் குறிப்பிடாமல் அணியின் பெயரையே தந்தால், படித்த தரவு அந்த முகவரியின் மேலேயே எழுதப்படும். நிரல்பெயர்ப்பி தடுக்காது. வீட்டுச் சாமானை வீட்டில் இறக்காமல் முகவரிச் சீட்டின் மேல் இறக்குவது போன்றது இது.

அதே 1998இல் தரநிலை பெற்ற சி++ மொழியின் வெக்டரில், உறுப்புகள் அடுத்தடுத்து இருக்கும் என்ற உறுதி எழுத்தில் இல்லை. 2003 திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதுவரை முதல் உறுப்பின் முகவரியை இயக்க அமைப்பிடம் கொடுத்தவர்கள் நடைமுறையை நம்பியே கொடுத்தார்கள். காலியான வெக்டருக்கு முதல் உறுப்பே இல்லை என்பதால், அதற்காக 'டேட்டா' என்ற உறுப்புச் செயற்கூறு 2011இல் வந்தது. மாணவர்கள் இன்றும் தடுக்கி விழும் இடம் வேறு: 'ரிசர்வ்' மூலம் இடம் மட்டும் ஒதுக்கிவிட்டு 'ரீட்' அழைப்பது. நினைவகத்தில் பைட்டுகள் வந்து சேர்ந்திருக்கும். வெக்டரோ தன் நீளம் சுழியம் என்றே சொல்லும். முதலில் 'ரீசைஸ்' செய்து, படித்து முடித்தபின் உண்மையில் வந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். இன்னும் கடினமானது, படிக்கும் வேலையைப் பின்னணியில் ஒப்படைத்துவிட்டு, அது முடியும் முன்பே வெக்டரில் புதிய உறுப்பைச் சேர்ப்பது. இடம் போதாவிட்டால் வெக்டர் வேறிடம் பெயர்ந்துவிடும். இயக்க அமைப்பு பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

நீளத்தையும் சுமக்கும் சுட்டுகளைச் சி மொழியில் சேர்க்கலாம் என்று ரிட்சியே 1990இல் முன்மொழிந்தார், அது ஏற்கப்படவில்லை. முகவரியையும் நீளத்தையும் ஒன்றாகக் கட்டும் 'ஸ்பான்' சி++ தரநிலையில் 2020இல் சேர்ந்தது. ரஸ்ட் மொழியின் 'ஸ்லைஸ்' தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஆனாலும் லினக்ஸின் 'ரீட்' அழைப்பு வரை வந்ததும் அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டு, முகவரி ஒன்றாகவும் எண்ணிக்கை ஒன்றாகவும் தனித்தனியே உள்ளே போகின்றன.