மிஸ் ரிவர்ஸ் யாருக்கு விசுவாசமாக இருந்தார்?

டஸ்கீகி பரிசோதனை பற்றிக் கதை வந்தால் எல்லாரும் டொக்டர்மாரைத்தான் திட்டுவார்கள். திட்டத்தான் வேணும். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் டொக்டர்மார் வந்தார்கள், போனார்கள். கிட்டத்தட்ட கடைசிவரை அந்த மக்களோடு நின்றவர் ஒரு தாதி. பெயர் யூனிஸ் ரிவர்ஸ். வரலாறு அவரை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் முழிக்கிறது. நாங்களும்தான்.

1932. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி. பருத்திக் காணிகளில் வாரத்துக்கு உழைத்த ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை தெரிவு செய்தது. 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோய் என்னவென்று அவர்களுக்குச் சொல்லவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றார்கள், அவ்வளவுதான். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் சிபிலிஸ் உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் திட்டம். பார்ப்பது என்றால் சாகும்வரை. செத்த பிறகு உடலை வெட்டியும். முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததைக்கூட விசேட இலவச வைத்தியம் எண்டு கடிதம் போட்டுத்தான் கூப்பிட்டார்கள்.

ரிவர்ஸ் 1899இல் ஜோர்ஜியாவில் பிறந்தவர், அவரும் கறுப்பினத்தவர். 1922இல் டஸ்கீகியில் தாதியர் படிப்பை முடித்து, மாநில சுகாதாரத் துறையில் கிராமம் கிராமமாகப் போய் வேலை செய்தார். பணத் தட்டுப்பாட்டில் அந்த வேலை போனது. அந்த நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. காரில் போய் ஆட்களை ஏற்றி, கிளினிக்குக்குக் கூட்டிவந்து, சாப்பாடு கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடுவார். வீட்டுக்காரரின் பெயர், வருத்தம், பிள்ளைகள் எல்லாம் தெரியும். எங்கட ஆஸ்பத்திரிகளில் 'மிஸ்ஸி' எண்டு கூப்பிட்டு, டொக்டரிடம் கேட்கப் பயப்படுகிறதை எல்லாம் அவவிடம் கேட்போமே, அப்படி ஒரு இடம் அவருக்கு. அந்த ஆண்கள் தங்களை 'மிஸ் ரிவர்ஸின் சங்கம்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

உடலை வெட்டிப் பரிசோதிக்கச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்கு 50 டொலர். மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிற எங்கட ஊர்க் குடும்பங்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். துக்க வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்டவர் ரிவர்ஸ். முதல் இருபது வருடத்தில் 145 உடல்கள் பரிசோதிக்கப்பட்டன, மறுத்தது ஒரே ஒரு குடும்பம். 1953இல் அவர் பெயரை முதலில் போட்டு வந்த ஆய்வுக் கட்டுரையே இதைச் சொல்கிறது, ஒரு சாதனை மாதிரி.

இதற்கிடையில் பெனிசிலின் வந்துவிட்டது. 1940களின் பிற்பகுதியில் சிபிலிஸுக்கு அதுதான் வழமையான மருந்து. பாலியல் நோய்களைச் சோதித்துச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று 1943இல் அலபாமாவிலேயே சட்டம் வந்தது. இந்த ஆண்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, இராணுவத்துக்குப் போனால் சிகிச்சை கிடைத்துவிடும் என்று இவர்களின் பெயர்களை விலக்கச் சொல்லிக் கேட்டார்கள். கிடைத்தது. சட்டம் இருப்பதும் அது ஒருவனுக்குக் கிடைப்பதும் வேறு வேறு என்று நாங்கள் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

ரிவர்ஸ் பின்னாளில் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: நோயைத் தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் டொக்டரின் வேலை, தாதியின் வேலை இல்லை. இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட ஏலாது. 1893இல் அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி (நைட்டிங்கேல் அதை எழுதவில்லை, பெயர் மட்டும்தான் அவருடையது) வைத்தியருக்கு விசுவாசமாக உதவச் சொல்கிறது. சர்வதேச தாதியர் பேரவை 1953இல் கொண்டுவந்த நெறிக்கோவையும் வைத்தியரின் கட்டளையை விசுவாசத்தோடு நிறைவேற்றச் சொன்னது. அந்தப் புத்தகங்களின்படி ரிவர்ஸ் ஒரு நல்ல தாதி. 1958இல் அரசாங்கம் அவருக்கு விருதும் கொடுத்தது.

அதே உறுதிமொழியில் இன்னொரு வரி இருக்கிறது: தெரிந்துகொண்டு தீங்கான மருந்தைக் கொடுக்கக் கூடாது. ரிவர்ஸ் அதை மீறினார் எண்டு சொல்ல ஏலாது. நல்ல மருந்தைக் கொடுக்காமல் விடுவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டஸ்கீகி முழுக்க அந்த ஓட்டைக்குள்ளேதான் நடந்தது என்று எங்களுக்குப் படுகிறது. இன்று செய்யாமல் விட்டதும் கவலையீனமாக வழக்குக்கு வரும்.

எதிர்த்துக் கதைத்தவர் பீற்றர் பக்ஸ்டன். டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் அதே சேவையில் பாலியல் நோயாளர்களை நேர்காணல் செய்த இளம் ஊழியர். 1966இலேயே மேலிடத்துக்கு எழுதினார். 1969இல் ஒரு குழு கூடி, பரிசோதனை தொடரட்டும் என்றது. கடைசியில் அவர் பத்திரிகையாளரிடம் போக, 1972 ஜூலை 25 செய்தி வெளிவந்தது. அப்போது ஆய்வில் இருந்தவர்களில் 74 பேர்தான் உயிரோடு இருந்தார்கள். பக்ஸ்டன் வெள்ளையர், வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போக முடிந்தவர். நிறவெறித் தெற்கில் ஒரு கறுப்பினப் பெண் அதே கடிதத்தை எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இதைக் கேட்காமல் ரிவர்ஸுக்குத் தீர்ப்பு எழுதுவது சுகமான வேலை.

1973இல் சர்வதேச தாதியர் பேரவை தன் நெறிக்கோவையைத் திருத்தியது. தாதியின் முதற்பொறுப்பு பராமரிப்புத் தேவைப்படுகிறவருக்கே என்று அது மாறியது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆய்வுகளுக்கான சட்டம் வந்தது, 1979இல் பெல்மண்ட் அறிக்கை. ஆய்வுக்குப் போகும்போது சம்மதப் படிவம், நெறிமுறைக் குழு எண்டு அலைக்கழிக்கிறார்கள் என்று நாங்கள் பீடத்தில் முணுமுணுக்கிறோமே, அந்தப் படிவம் வந்த வழிகளில் மேக்கன் கவுண்டியும் ஒன்று.

பாதிக்கப்பட்டவர்களுக்காக ஃபிரெட் கிரே என்ற கறுப்பின வழக்கறிஞர் போட்ட வழக்கு 1974இல் ஒரு கோடி டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. பிரதிவாதிகளின் பட்டியலில் ரிவர்ஸின் பெயர் இல்லை. அது சரி என்கிறார்கள் எங்களில் பாதிப்பேர்: அவரையும் பாவித்துவிட்டுத்தான் விட்டார்கள். மற்றப் பாதிப்பேர், அந்த 145 வீட்டு வாசலிலும் நின்றது யார் என்று கேட்கிறார்கள்.