ஓர் இரசிகர் மீட்ட பத்து இராகங்கள்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும், செப்பேடும், ஓலைச்சுவடியுமே. இசைக்கோ அத்தகைய சான்றுகள் மிகக் குறைவு. பாடியவர் நிறுத்தியதும் பாட்டு காற்றோடு கலந்துவிடுகிறது. ஒலிப்பதிவு தோன்றிய பின்னரே ஓசைக்கும் ஒரு கல்வெட்டு வாய்த்தது. ஆயின் அக்கல்வெட்டைக் காப்பவர் யார்? பல சமயங்களில், தம் விருப்பத்தின் பொருட்டே பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரியும் தனி இரசிகர்தாம்.

மேலை நாடுகளில் இக்காலத்து இளைஞர் பலர் ‘சிந்த்வேவ்’ என்னும் இசைவகையில் ஈடுபாடு கொண்டுள்ளனர். 1980-களின் திரைப்படங்களிலும் வீடியோ விளையாட்டுகளிலும் ஒலித்த மின்னிசையின் சாயலில் இன்று புதிதாக இயற்றப்படுவது அது. பிரெஞ்சுக் கலைஞர் கவின்ஸ்கியின் ‘நைட்கால்’ என்னும் 2010-ஆம் ஆண்டுப் பாடல், மறு ஆண்டில் ‘டிரைவ்’ என்ற படத்தில் இடம்பெற்று இவ்வகையைப் பலர் அறியச் செய்தது. தாம் பிறவாத காலத்தின்மீதும் மனிதருக்கு ஏக்கம் பிறக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. அவ்வேக்கத்தோடு பழைய மின்னிசைத் தட்டுகளைத் தேடுவோர் இந்தியாவின் பங்கைக் கண்டு வியந்திருக்கின்றனர்.

‘சிந்தசைசர்’ என்பதற்கு, கூறுகளை இணைத்து ஆக்குவது என்று பொருள் கொள்ளலாம். தந்தியோ துளையோ தோலோ இன்றி, மின் அலைகளைக் கூட்டியும் வடித்தும் நாதத்தை உண்டாக்கும் வாத்தியம் அது. அமெரிக்கரான இராபர்ட் மூக் 1960-களில் இதனை இசைவாணர் கையாளும் வடிவத்தில் அமைத்தார். 1969-இல் மூக் கருவி ஒன்று அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தை வந்தடைந்தது. டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் அங்கே ஒலிக்கூடம் அமைக்க உதவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் அங்கு மின்னிசை இயற்றினர். சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் கழகத்தின் ஆவணச் சேகரத்தில் நெடுங்காலம் கிடந்தன. பால் பர்காஸ் என்னும் ஆய்வாளர் அவற்றைத் தேடி எடுத்தார். அவற்றின் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது.

அகமதாபாத்தில் பெட்டகம் காத்தது. பம்பாயில் அந்தக் காவலும் இல்லை. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாய்த் திரையுலகில் இசையமைப்பாளர் பலருக்கு வாசித்த வாத்தியக் கலைஞர். 1982-இல் அவர் ஜப்பானின் ரோலண்டு நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு, ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். தாளத்துக்கு டி.ஆர்.808, அடிநாதத்துக்கு டி.பி.303, மேற்சுரங்களுக்கு ஜூபிடர்-8. தபலாவும் இல்லை, தம்பூராவும் இல்லை. டி.பி.303 கருவியில் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. கிதார் பயில்வோருக்குத் துணையாக இருக்கவே அது செய்யப்பட்டது. ஆயின் நம் நாட்டு இராகங்களின் இழைவுக்கு அவ்வழுக்கல் இயல்பாகப் பொருந்தியது.

அப்பத்து இராகங்களில் தமிழ்ச் செவிக்கு அந்நியமல்லாதன பல. மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளத்தை ஒத்தது, பூபாலி மோகனத்தை, கலாவதி வலஜியை, யமனோ கல்யாணிக்கு நெருங்கிய உறவு. பெயர் மாறினும் சுரங்கள் நம்மை அடையாளம் கண்டுகொள்கின்றன.

இசைத்தட்டு விலைபோகவில்லை, மறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-இல், சிகாகோ நகரின் ‘ஃபியூச்சர்’ குழுவினர் அதே டி.பி.303 கருவியைக் கொண்டு ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் இசைவகைக்கு வித்திட்டனர். அவர்கள் சரண்ஜித் சிங்கைக் கேட்டுக் கற்றவர் அல்லர். ஒரே கருவி இரு நகரங்களில் இரு வேறு கைகளில், ஒன்றையொன்று அறியாமல் ஒத்த ஒலியை எழுப்பியது. எனினும் பம்பாய் முந்தியது என்பதை உலகம் அறியப் பல ஆண்டுகள் ஆயின.

2002-இல் எடோ பௌமன் என்னும் டச்சுக்காரர் தில்லியில் பழைய இந்தியத் திரையிசைத் தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது இத்தட்டு அவர் கைக்குக் கிட்டியது. தாம் கேட்பது 1982-ஆம் ஆண்டு இசை என்பதை நம்ப இயலாமல் வியந்த அவர், அதனை ஆக்கியவரையும் தேடிக் கண்டார். 2010-இல் அத்தட்டு மறுபதிப்புப் பெற்றது. எழுபது வயதை எட்டிய சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அவ்விராகங்களை மீண்டும் வாசித்தார். 2015-இல் மும்பையில் அவர் காலமானார்.

மறுபதிப்புக்கும் மறைவுக்கும் இடையே இருந்தவை ஐந்தே ஆண்டுகள். அந்த இரசிகரின் தேடல் சற்றுத் தாமதித்திருந்தால், பெருமை கலைஞருக்குக் கிட்டியிராது. அவர் கல்லறைக்கே கிட்டியிருக்கும்.

தில்லி, மும்பை, கொல்கத்தா என ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களிலும் இத்தகைய செல்வம் உண்டு. தந்தையார் வாங்கிய நாதசுரத் தட்டு, ஊர்த் திருவிழாவில் பதிந்த கேசட், இங்குள்ள தமிழ்ச் சங்க விழாவில் யாரோ பாடியதன் ஒலிநாடா. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் இவையே முதலில் பழைய பொருள் வாங்குவோரிடம் செல்கின்றன. திரைப்பாடல் மீண்டும் கிடைக்கலாம். நம் வீட்டாரின் குரல் பதிந்த நாடாவுக்கு மறுபிரதி எங்கும் இல்லை.

காக்கும் வழியோ எளிது. தட்டுகளை அடுக்கிக் குவிக்காமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயிலும் ஈரமும் அணுகலாகாது. நாடாக்களைக் காந்தத்தின் அருகே வைத்தல் கூடாது. இயன்றபோது கணினியில் பிரதி எடுத்துக்கொள்வது நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற மூன்றையும் உறையின்மீது எழுதி வைப்போம். பெரியவர்கள் உடனிருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவிடுதல் நன்று.