செருகுநிரல்

கொண்டையில் பூவைச் செருகலாம், கூரை இறவாணத்தில் அரிவாளைச் செருகலாம். தூக்கம் வந்தால் கண்ணும் செருகும். இருக்கிற இடுக்கில் இன்னொன்றை நுழைத்து நிறுத்துவதே செருகல். 'நிரல்' என்றால் வரிசை, ஒழுங்கு. நிரல்நிறை அணி படித்தவர்களுக்குப் பழகிய சொல். கட்டளைகளின் வரிசை என்பதால் கணினித் தமிழ் அதை 'புரோகிராமு'க்கு எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர, 'பிளக்-இன்' செருகுநிரலானது.

ஆங்கிலத்தின் 'பிளக்' டச்சு வழி வந்தது. முதலில் துளையை அடைக்கும் முளை, பிறகுதான் மின்செருகி. அடைப்பதைவிடச் செருகுவதே இங்கே பொருத்தம். தமிழ்ச்சொல் ஒரு படி மேல்.

எக்லிப்ஸில் செருகுநிரலின் பொருளைக் கண்ணால் பார்க்கலாம். ஐபிஎம் 2001இல் திறமூலமாக வெளியிட்ட இந்த நிரலாக்கச் சூழலில், சிறு கருவைத் தவிர மற்றதெல்லாம் செருகுநிரல்தான். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய துணைகளையும் பதிப்பெண்களையும் ஓர் அறிவிப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். கட்டாயத் துணை ஒன்று கிடைக்காவிட்டால் அது இயங்காது. பெரும்பாலும் சத்தமும் போடாது. மெனுவில் ஒரு வரி காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்! காரணத்தைப் பணியிடத்தின் 'மெட்டாடேட்டா' கோப்புறையிலுள்ள பதிவுக் கோப்பில் தேட வேண்டும். பழைய தற்காலிகச் சேமிப்பு குழப்பினால் '-கிளீன்' கட்டளையோடு திறக்க வேண்டும்.

செருகுநிரலுக்கு நெருங்கிய உறவான 'எக்ஸ்டென்ஷன்' என்பதற்கு நீட்சி, நீட்டிப்பு என இரு சொற்கள் உலவுகின்றன. விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் திருத்தியில், நீட்சிகளைப் பாதிப் பாதியாக அணைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் வசதியே உண்டு. எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவும் முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.