சிராஜ்கஞ்ச் பள்ளிகள் விவகாரம்

அந்நாளில் கிழக்கு வங்காளத்தின் பாப்னா ஜில்லாவைச் சேர்ந்திருந்த சிராஜ்கஞ்சில் நடைபெற்றுவந்த பன்வாரிலால், விக்டோரியா என்னும் இரு பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்துச்செய்விக்க முற்பட்டு, அதன் விளைவாக 1906இல் ஒரு மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னரே பதவி துறக்க நேர்ந்த நிகழ்ச்சி இப்பெயரால் வழங்கும்.

மானியம், உபகாரச் சம்பளம், பல்கலைக்கழக அங்கீகாரம் ஆகிய மூன்றுமே தனியார் பள்ளிகளின்மீது சர்க்கார் பிடித்திருந்த கடிவாளங்கள். இவற்றுள் மூன்றாவதே வன்மை மிக்கது. அங்கீகாரம் இழந்த பள்ளியின் மாணாக்கர் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்குச் செல்ல இயலாதிருந்தது, அப்பரீட்சை தேறாதவர்க்கோ உத்தியோகம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் இப்பிடியை மேலும் இறுக்கிற்று. வங்கப் பிரிவினை 1905 அக்டோபர் 16இல் அமலுக்கு வந்ததையொட்டிய நாட்களில், சுதேசிக் கிளர்ச்சியில் மாணாக்கர் திரளாகக் கலந்துகொண்டபோது, மாகாண சர்க்கார் விடுத்த கார்லைல் சுற்றறிக்கை இம்மூன்றையும் பறிப்பதாக எச்சரித்ததோடு, ஆசிரியர்களையே விசேஷக் கான்ஸ்டேபிள்களாக நியமிக்கக்கூடும் என்றும் அறிவித்தது. குருவின் கையில் தடியைக் கொடுக்கும் இவ்வேற்பாடு வங்காளிகளின் மனத்தை எவ்வளவு புண்படுத்தும் என்பதை அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. சுற்றறிக்கையை எதிர்க்கவே கல்கத்தாவில் ஒரு சங்கம் தோன்றியது. ரங்பூரில் அபராதம் விதிக்கப்பட்ட மாணாக்கருக்கென 1905 நவம்பரில் தேசியப் பள்ளி ஒன்றும் எழுந்தது.

பிரிவினையால் உருவான புதிய மாகாணத்தின் முதல் லெப்டினன்ட் கவர்னரான பாம்பில்டு புல்லர், பகிஷ்காரக் கிளர்ச்சியில் மாணாக்கர் ஒழுங்கு மீறினர் என்ற காரணங்காட்டி, மேற்சொன்ன இரு பள்ளிகளையும் விலக்கும்படி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைக் கோரினார். வைஸ்ராயே அதன் சான்சலர் ஆயினும், அங்கீகாரம் பற்றிய விவகாரம் இந்திய அங்கத்தினரும் வீற்றிருந்த சபைகளின் ஆலோசனைக்கு வந்தாக வேண்டும். அங்கே விவாதம் மூண்டால் பள்ளிகளின் ஒழுங்கைக் காட்டிலும் புல்லரின் ஆட்சிமுறையும் பிரிவினையுமே விசாரணைக்குள்ளாகும் என்று வைஸ்ராய் மின்டோ பிரபுவின் சர்க்கார் அஞ்சியது. கோரிக்கையை மீட்டுக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்ட புல்லர், தம் யோசனையை ஏற்க வேண்டும், அன்றேல் தம் ராஜிநாமாவை ஏற்க வேண்டும் என்று 1906 ஜூலையில் எழுதினார். ராஜிநாமாவே ஏற்கப்பட்டு, ஆகஸ்டில் அவர் விலகினார். மிரட்டலாக விடுத்த கடிதம் தம்மையே வீழ்த்துமென்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். தேசியவாதிகள் மகிழ்ந்தனர், ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகளோ, சர்க்கார் தன் அதிகாரியைக் கைவிட்டதென்று சீறின.

எனினும் 1907 மே மாதத்திலேயே, ராஜீயக் கிளர்ச்சியில் மாணாக்கர் ஈடுபடுவதைத் தடுக்கும்பொருட்டு, மானிய நிறுத்தத்தையும் அங்கீகார ரத்தையும் மீண்டும் முன்வைத்த ரிஸ்லி சுற்றறிக்கை பிறந்தது. இம்முறை அது மாகாண சர்க்காரிடமிருந்தன்று, இந்திய சர்க்காரின் உள்நாட்டு இலாகாவிலிருந்தே வெளிவந்தது.