கவச டைனோசரின் விலாசம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம், 2011 மார்ச். எண்ணெய் மணல் சுரங்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு விநோதப் பாறையில் முட்டியது. உள்ளே இருந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டைனோசர். 5.5 மீட்டர் நீளம், 1,300 கிலோ, முதுகெல்லாம் எலும்புக் கவசம்.

ஆனால் அந்த இடம் அன்றைக்குக் கடல்! தரையில் மேய்ந்த பிராணி அங்கே எப்படி? செத்த உடல் ஆற்றோடு கடலுக்குப் போய், மிதந்து, மூழ்கிச் சேற்றில் புதைந்ததாம். கடைசியாகத் தின்றது பெரும்பாலும் பெரணி இலை, கூடவே கரித்துண்டுகள். காட்டுத்தீக்குப் பின் துளிர்த்த இடத்தில் மேய்ந்திருக்கிறது.

பாறையைச் சுரண்டி எடுக்க மார்க் மிட்செல் என்ற அருங்காட்சியகப் பணியாளருக்கு 7,000 மணி நேரம் ஆனது. 2017இல் அதற்கு வைத்த பெயர் போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி. காலமெல்லாம் லெட்ஜர் எழுதிய எனக்கு அந்தப் பெயர்தான் ரொம்பப் பிடித்தது.