நரம்பு என்றால் எந்த நரம்பு?



என்னிடம் படித்து இப்போது நர்ஸாக இருக்கும் ஒரு பிள்ளை போனில் கேட்டாள்: "சார், வார்டுக்கு வர்ற பெரியவங்க 'கால்ல நரம்பு இழுக்குது'ங்கிறாங்க. அதை நெர்வ்னு எழுதுறதா, வெயின்னு எழுதுறதா?" நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. ஆனால் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது என் வேலை. ஓய்வு பெற்றாலும் அது விடாது.

நம் ஊரில் ரத்தக் குழாயில் போடும் ஊசி நரம்பு ஊசி. காலில் நீலமாகச் சுருண்டு நிற்பது நரம்புச் சுருட்டல். கை மரத்துப்போனாலும் நரம்புதான். பழந்தமிழில் யாழின் தந்தியும் நரம்பு, அதில் பிறக்கும் சுரமும் நரம்பு. புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் கிழத்தாயின் தோளில் புடைத்து நிற்பதும் நரம்பே. நீளமாக, இழை போல ஓடுவது எல்லாம் நம் முன்னோருக்கு நரம்பு.

இதைக் கேட்டு "படிக்காத ஜனங்க" என்று சிரிக்காதீர்கள். கிரேக்கர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அவர்களின் 'நியூரான்' முதலில் தசைநார். வில்லின் நாணுக்கும் அதே பெயர். கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் உடலை அறுத்துப் பார்த்த பிறகுதான் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, தசைநார் வேறு என்று பிரிந்தது. பழைய குழப்பத்தின் மிச்சம் இன்றும் மருத்துவப் புத்தகத்தில் உண்டு. 'அப்போநியூரோசிஸ்' என்ற சொல்லுக்குள் நியூரான் இருக்கிறது. பொருளோ தகடு போல் விரிந்த தசைநார்!

'ஆர்ட்டரி' கதையும் இப்படியே. பிணத்தில் அந்தக் குழாய்கள் காலியாகத் தெரிந்ததால் அதில் காற்று ஓடுவதாகச் சிலர் நம்பினார்கள். மூச்சுக்குழாய்க்கும் அதே பெயர்தான் இருந்தது.

இங்கிலீஷில் 'நெர்வஸ்' என்ன பாடுபட்டது பாருங்கள். முதலில் அதற்கு நரம்பு முறுக்கேறிய, பலமான என்று பொருள். 1755-இல் வந்த ஜான்சன் அகராதி பலமானவன் என்ற பொருளையும் தருகிறது. நரம்பு பலவீனமானவன் என்பதையும் வைத்தியர்களின் குழுமொழி என்று முகம் சுளித்துக்கொண்டே தருகிறது. கடைசியில் ஜெயித்தது வைத்தியர்கள்தான். இன்று ஒருவனுக்கு 'நெர்வ்' இருந்தால் துணிச்சல், கொஞ்சம் கூடினால் திமிர், 'நெர்வஸ்' என்றால் பயம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு பீரியட் போதாது.

1869-இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க டாக்டர் 'நியூராஸ்தீனியா' என்ற சொல்லைப் பரப்பினார். பொருள் அப்படியே நம் நரம்புத் தளர்ச்சி. அந்தச் சொல்லை வைத்து லாட்ஜில் ரூம் போட்டுச் சம்பாதித்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த ஒரு மனிதர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர். நம் மதுரையில் 1834-இல் வேலை தொடங்கிய அதே அமெரிக்கன் மிஷன்தான். மானிப்பாயில் முதலில் இங்கிலீஷில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். படித்த பையன்கள் அரசாங்க வேலைக்கும் வெளியூருக்கும் போய்விட்டார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லை. உடனே 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-இல் கொண்டுவந்தார். மூலம் இங்கிலீஷில் வந்து 14 வருஷம்தான் ஆகியிருந்தது! சொல் தேடுவதற்கு அவர் வைத்த முறை: முதலில் தமிழ், கிடைக்காவிட்டால் சமஸ்கிருதம், அதற்குப் பிறகே இங்கிலீஷ். எனக்கு இன்றும் சரியாகப் படுகிற வரிசை இது.

இன்று இலங்கைப் பிள்ளைகள் நாடி, நாளம் என்று படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் தமனி, சிரை என்று மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் நெர்வ் மட்டும் நரம்பாகவே இருக்கிறது. ஆனால் சிரை என்ற சொல் வீட்டுக்குள் வரவேயில்லை. பாட்டிக்கு அது இன்னும் நரம்புதான்.

அந்த நர்ஸ் பிள்ளைக்கு நான் சொன்னது: அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள். பிறகு "நீலமா புடைச்சிருக்கா, சுருக்குனு கரண்ட் அடிக்குதா, மரத்துப்போகுதா?" என்று கேள். பதிலையும் பக்கத்திலேயே எழுது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடம்பைப் பற்றிச் சொல்லும் இப்படிப்பட்ட சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். 'ஈரக்குலை'யை எனக்கு விட்டுவிடுங்கள், அது அடுத்த பதிவு.