குளுக்கோகைனேஸ் நொதியும் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து

இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதெல்லாம் ஒரே நோய் என்று கொள்ளும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது. சிலரிடம் இன்சுலின் வற்றுவதில்லை. எந்தச் சர்க்கரை அளவில் அதைச் சுரக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் நொதியே அந்த அளவைச் சற்று உயர்த்தி வைத்துவிடுகிறது. அந்நொதியின் பெயர் குளுக்கோகைனேஸ்.

நொதி என்பது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். குளுக்கோஸுடன் பாஸ்பேட்டைச் சேர்த்து அதை உயிரணுவுக்குள்ளேயே நிறுத்துவது குளுக்கோகைனேஸின் வேலை. இதே வேலையைச் செய்யும் பிற ஹெக்சோகைனேஸ் நொதிகள் மிகக் குறைந்த சர்க்கரையிலேயே முழு வேகத்தை எட்டிவிட, இதுவோ டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 144 மி.கி. அளவில்தான் பாதி வேகத்தை அடைகிறது; ஆகவே சர்க்கரை ஏறி இறங்குவதற்கேற்ப இதன் வேகமும் ஏறி இறங்குகிறது. கணையத்தின் பீட்டா அணுக்களில் இவ்வேகம் கூடும்போது ஆற்றல் மூலக்கூறான ஏடிபி பெருகி, பொட்டாசியம் வாயில்கள் மூடி, கால்சியம் உட்புகுந்து, இன்சுலின் வெளியேறுகிறது. பீட்டா அணுவின் சர்க்கரை உணர்வி இந்நொதியே என்பதை ஃபிரான்ஸ் மாட்சின்ஸ்கியின் ஆய்வுகள் தெளிவாக்கின.

இந்நொதிக்குரிய மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதுபட்டால், வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறப்பிலிருந்தே 100 முதல் 145 மி.கி. வரை நிற்கிறது. அது பெரிதாக ஏறுவதில்லை. கண், சிறுநீரகப் பாதிப்புகள் அரிது. மாத்திரையால் பயனும் இல்லை. கர்ப்பகாலம் தவிர்த்து இதற்குச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

கர்ப்பகாலத்தில்தான் சிக்கல் எழுகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறையில், உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து 140 மி.கி. எட்டுகிறதா என்று பார்க்கின்றனர். தென்காசி வட்டாரத்துப் புளியங்குடியின் எலுமிச்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் பெண், பட்டினியோடு பேருந்தேறி இன்னொரு நாள் வரவேண்டியதில்லை என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஆயினும் குளுக்கோகைனேஸ் குறையின் அடையாளம் வெறும் வயிற்று அளவில்தான் இருக்கிறது. குளுக்கோஸ் குடித்தபின் ஏறும் அளவு பெரும்பாலோரிடம் 54 மி.கி.க்கும் குறைவு. வெறும் வயிற்றில் 110 உள்ளவருக்கு 28 ஏறினால் 138. பரிசோதனை அவரை நலமானவர் என்றே அனுப்பிவிடும். 35 ஏறினால் 145. அப்போது கர்ப்பகால நீரிழிவு என்ற பொதுப்பெயர் விழும். இரண்டிலும் உண்மைக் காரணம் மறைந்துபோகிறது.

காரணம் அறிவது வீண்வேலையன்று. தாயின் குறையைச் சிசுவும் பெற்றிருந்தால், அது தாயின் சர்க்கரையை இயல்பானதாகவே உணர்ந்து அளவோடு வளர்கிறது. அங்கே தாய்க்கு இன்சுலின் செலுத்திச் சர்க்கரையை வெகுவாகக் குறைத்தால் சிசு மெலியக்கூடும். குறையைப் பெறாத சிசுவோ கூடுதல் இன்சுலின் சுரந்து பருத்துவிடுகிறது. அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் இரு படிகளும் பழுதான குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய குழந்தைக்குப் பிறந்தது முதலே இன்சுலின் தேவைப்படும் கடும் நீரிழிவு வருகிறது.

மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் இந்தியரிடமும் இம்மரபணு மாற்றங்களைக் கண்டிருப்பதால், இது மேலைநாட்டு அரிய நோய் என்று ஒதுக்க இயலாது. எல்லோருக்கும் மரபணுச் சோதனை வேண்டியதில்லை. நடப்பிலுள்ள முறையைக் கைவிடாமலே, ஒருமுறை வெறும் வயிற்று அளவையும், பெற்றோரின் சர்க்கரை விவரத்தையும், உறவுமுறைத் திருமணத்தையும் தாய்மை அட்டையில் பதிவுசெய்வதே ஆரம்ப சுகாதார நிலையங்கள் உடனே செய்யத்தக்கது.